கூழாங்கல் மலை

மீஞ்சூரில் வளர்ந்தவனுக்கு மலை என்றால் சினிமாவில் பார்ப்பதுதான். எங்கள் பக்கம் எல்லாமே சமதரை. அண்ணாந்து பார்த்தே ஆகவேண்டுமென்றால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் இருக்கின்றன. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தில் கலக்கிற கொசஸ்தலை ஆற்றை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டே போனால், பூண்டி ஏரிக்கு அப்பால் அல்லிக்குழி மலைத்தொடர் வந்துவிடும். மலைத்தொடர் என்பது ஒரு மரியாதைக்கு. ஊட்டிக்காரர்கள் பார்த்தால் மேடு என்பார்கள். அந்த மேட்டுக்குள் குடியம் குகைக்குப் போகும் நடையில் எனக்குக் கிடைத்த சுகம், கொடைக்கானலில் கிடைத்ததில்லை.

தை மாதத்தில் போகவேண்டும். சித்திரையில் போனால் மயக்கம்தான் வரும். வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரி வரை வந்து, திருவள்ளூர், பூண்டி வழியாக நண்பர்கள் பைக்கில் குடியம் கிராமத்தை அடைந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. ஊர்க்கோடியில் மூன்று நாட்டு நாய்கள் சோம்பல் முறித்து எழுந்து வந்தன. ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, இன்னொன்று ஒரு காது மடங்கிய இளசு. துறைமுகத்துக்கு டிரைலர் ஓட்டும் நண்பன் குச்சியைத் தேடினான். திண்ணையிலிருந்த ஆயா அதட்டினார்: "எதுக்கு நைனா தொரத்துற? அதுங்க கூட வரும். உனக்கு வழி தெரியுமா, அதுங்களுக்குத் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. செவலை முன்னால் போயிற்று. பாதை பிரியும் இடங்களில் நின்றது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காதை மட்டும் பின்பக்கம் திருப்பி, எங்கள் செருப்புச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு, வந்ததும் நடையைக் கட்டியது. கறுப்பு கடைசி ஆள். எங்களில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவன் எவனோ, அவன் பக்கத்தில் அதுவும் உட்காரும். அவன் எழுந்தால்தான் எழும். இளசுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. புதருக்குள் போய், நாயுருவி விதைகளை வால் முழுக்க ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, அவமானப்பட்டதுபோல ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பல்லால் பிடுங்கியது.

பாதை நெடுகக் கூழாங்கற்கள். உருண்டையாக, வழவழவென்று, முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. கால் வைத்தால் உருள்கின்றன. நாங்கள் நாலு பேரும் நாலு விதமாக வழுக்கினோம். செவலை மட்டும் வழுக்கவில்லை. பின்னால் குனிந்து நடந்தபோதுதான் அதன் சூட்சுமம் தெரிந்தது: முன்னங்கால் அழுத்திப் பார்த்து விட்ட கல்லின்மேலேயே பின்னங்காலும் வந்து இறங்குகிறது. நான்கு கால் இருந்தும் சோதிப்பதற்கு இரண்டே போதும் அதற்கு.

ஆற்றில் கிடக்கவேண்டிய கல்லுக்கு மலையில் என்ன வேலை? இந்த மலையே அந்தக் கல்லால் ஆனது. டைனோசர்கள் திரிந்த காலத்தில், மேற்கே நகரிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் கற்கள் வண்டலோடு இறுகிப் பாறையாகிவிட்டன. சூரைப்பழம் பறித்துத் தின்றபடியே நடந்து குகைக்குள் நுழைந்தால் அது கண்ணெதிரே தெரிகிறது. குகை என்று பேர். உண்மையில் பிரம்மாண்டமான பாறைக் குடை. அதன் கூரையில் கடலை மிட்டாயில் கடலைபோலக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. விழுந்துபோன கல் விட்ட குழியைத் தடவினேன். கண்ணாடிக் கிண்ணத்தின் உட்புறத்துக்கு இருக்கும் வழவழப்பு. மேலே மலைத்தேன் கூடுகள் தொங்குவதால் எல்லோருக்கும் தானாகக் குரல் இறங்கிவிடுகிறது. டிரைலர்காரன்கூட கிசுகிசுத்தான். கீழே மஞ்சள், குங்குமத்தோடு அம்மன். நாய்கள் அந்தக் குளிர்ந்த மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்துவிட்டன.

இந்தக் கல்லைத்தான் உடைத்து ஆதி மனிதர் கைக்கோடரி செய்தார்கள். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு கொசஸ்தலைக் கரையில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அது இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே அகழ்ந்தெடுத்தவற்றின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் தெரியவந்தது. குடியத்திலும் 1960-களில் அகழாய்வு நடந்திருக்கிறது. பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கோடரிகளைப் பார்க்கலாம், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால். அதே ஜாதிக் கல்லை இங்கே கையில் எடுத்து அதன் கனத்தைப் பார்ப்பது வேறு. உள்ளங்கைக்குள் அது உட்காருகிற விதத்திலேயே, உடைத்தவன் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தான் என்று விரல்களுக்குப் புரிகிறது. எடுத்த கல்லை அங்கேயே போட்டுவிட்டோம், அதுதான் முறை.

திரும்பும் வழியில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தோம். நன்றி, விசுவாசம் என்றெல்லாம் டிரைலர்காரன் பேச ஆரம்பித்தான். ஊர் எல்லையில் எதிரே இன்னொரு கும்பல், முதுகில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக வந்தது. மூன்று நாய்களும் எங்களை அப்படியே விட்டுவிட்டு அவர்களோடு திரும்பி நடந்தன, செவலை முன்னால், கறுப்பு கடைசியில்.

"பாத்தியா, நம்மள மதிக்கவேயில்ல மச்சான்" என்றான் அவன்.

ஆயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உன்னைக் கூட்டிம்போயி கொண்டாந்து விட்டாச்சில்ல நைனா? அடுத்த சவாரி."