எறும்புக்குப் பெயர் எதற்கு?

துவாக்குடியில் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் மீட்டர் பாலச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவியின் மேசையில் கால்வனாமீட்டர் முள் நிலைகொள்ளாமல் ஆடியது. இணைப்புகளை எல்லாம் சோதித்தோம். குறை ஒன்றும் இல்லை. கடைசியில் மின்தடைப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஓர் எறும்புக் குடியிருப்பு! வயிறு மட்டும் கறுத்த சின்னஞ்சிறு மஞ்சள் எறும்புகள், வெள்ளை வெள்ளையாய்ப் புழுக்கள். கம்பிச் சுருளின் மேலுறை சில இடங்களில் அரிக்கப்பட்டிருந்தது.

“சார், இது எந்த எறும்பு?” என்று கேட்டாள் அந்த மாணவி.

“எந்த எறும்பா இருந்தா என்னம்மா? தட்டிவிட்டுட்டு ரீடிங் எடு” என்றேன்.

அவளும் அப்படியே செய்தாள். நான் சொன்ன விடை தவறு என்பதை உணர எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அதை எனக்கு உணர்த்தியது 1851ஆம் ஆண்டில் சென்னையில் அச்சான ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையின் நிறைகுறைகளை உங்களோடு சேர்ந்து ஆராயலாம் என்று எண்ணுகிறேன்.

ஒரு மருத்துவரின் பட்டியல்

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் (1811–1872) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர். இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை அவர் வெளியிட்ட நூல் தொகுதிகளால்தான் பெரும்பாலோர் அவரை அறிவர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, சென்னை இலக்கியச் சங்கத்தின் ஏட்டில், தென்னிந்தியாவில் காணப்படும் எறும்பு இனங்களின் பட்டியல் ஒன்றை அவர் வெளியிட்டார். ஏறத்தாழ இருபத்தைந்து பக்கங்கள், அவ்வளவுதான். நம் பகுதியின் எறும்புகளைத் தனியே எடுத்துக்கொண்டு தொகுத்த முன்னோடி முயற்சி அது.

பட்டியல் என்றதும் சலிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் அதிலுள்ள இலத்தீன் பெயர்களுக்குப் பொருள் தேடத் தொடங்கியதும் சலிப்பு போய்விட்டது. ஒன்றுக்குச் ‘சால்ட்டேட்டர்’ என்று பெயர். துள்ளுவது என்று பொருள். இன்னொன்று ‘புரோசெஷனாலிஸ்’, ஊர்வலம் போவது. வேறொன்று ‘டெஸ்ட்ரக்டர்’, அழிப்பது. இறந்துபோன பூச்சியைக் குண்டூசியில் குத்தி வைத்துப் பார்த்தவருக்கு இந்தப் பெயர்கள் தோன்றியிரா. எறும்பு துள்ளுவதையும், வரிசையாய்ப் போவதையும், பொருள்களைப் பாழாக்குவதையும் தரையில் குனிந்து பார்த்த ஒருவர் இட்ட பெயர்கள் இவை. பட்டியலின் முதல் சிறப்பு இதுவே.

இந்த ‘டெஸ்ட்ரக்டர்’ வீட்டுக்குள் புகுந்து துணியையும் ரப்பரையும் மின்கம்பியின் மேலுறையையும் கடித்துக் கெடுப்பது என்று இன்று உலகின் பல நாடுகளில் பெயர் வாங்கிவிட்டது. படித்தவுடன் எங்கள் மின்தடைப் பெட்டி நினைவுக்கு வந்தது.

தபால்தலை சேகரிப்பா?

அறிவியல் என்றால் இயற்பியல்தான், மற்றவை எல்லாம் தபால்தலை சேகரிப்பு என்னும் பொருள்பட ரதர்ஃபோர்டு ஒருமுறை சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவருக்கு 1908இல் கிடைத்தது வேதியியலுக்கான நோபல் பரிசு என்பது வேடிக்கை. ஆனாலும் அந்த எண்ணம் இயற்பியல் படித்தவர்கள் பலரிடம் ஒளிந்திருக்கிறது. என்னிடமும் இருந்தது. விதி கண்டுபிடிப்பது உயர்ந்த வேலை, பெயர் சூட்டிப் பட்டியல் போடுவது எழுத்தர் வேலை என்று நினைத்திருந்தேன்.

இது நம் துறையின் வரலாற்றுக்கே பொருந்தாத எண்ணம். ஹைட்ரஜன் நிறமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்ஸ்ட்ராம் அதன் கோடுகளின் அலைநீளங்களைப் பொறுமையாக அளந்து வைத்தார். அது வெறும் எண்களின் பட்டியல். சுவிட்சர்லாந்துப் பள்ளி ஆசிரியர் பால்மர், 1885இல் அந்த எண்களை ஒரு வாய்பாட்டில் அடக்கினார். அந்த வாய்பாடு ஏன் பொருந்துகிறது என்று 1913இல் போர் விளக்கினார். பட்டியல் இல்லையேல் வாய்பாடு இல்லை. வாய்பாடு இல்லையேல் போரின் கொள்கைக்கு உரைகல் இல்லை.

ஜெர்டனின் பட்டியலுக்கும் இதே கதைதான். அவர் ‘சால்ட்டேட்டர்’ என்று பெயரிட்ட துள்ளும் எறும்பின் முழுப் பெயர் ஹார்ப்பெக்னேத்தஸ் சால்ட்டேட்டர். காலிக் கூட்டுறைகளைக் கொண்டு தன் நிலவறைச் சுவர்களுக்கு இது உறை ஒட்டுகிறது என்பதைப் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் முஸ்தாக் அலியும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து 1994இல் எழுதினார்கள். 2010இல் முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட இரண்டு எறும்புகளில் இதுவும் ஒன்று. இதில் அரசி இறந்துவிட்டால் வேலைக்கார எறும்புகளில் சில முட்டையிடத் தொடங்குகின்றன. ஏழு மாதம் வாழக்கூடியது நான்கு ஆண்டு வரை வாழ்கிறது, மூளை சுருங்குகிறது. மீண்டும் வேலைக்காரியாக்கினால் மூளை பழையபடி வளர்ந்துவிடுகிறது! இந்த மூளைச் செய்தி 2021இல் வெளிவந்தது. முதுமையைப் பற்றி ஆராய்வோர் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்கிறார்கள். அந்த ஆய்வுகள் எல்லாவற்றின் தலைப்பிலும் நிற்பது 1851இல் சென்னையில் அச்சேறிய பெயர்.

அணுவுக்கு இல்லாத வரலாறு

நிறமாலையோடு ஒப்பிடுவது ஓரளவுக்குத்தான் பொருந்தும். எங்கே பொருந்தாமல் போகிறதோ அங்கேதான் பெயரிடுவதன் உண்மையான அருமை தெரிகிறது.

துவாக்குடியில் உள்ள ஹைட்ரஜன் அணுவும் டோக்கியோவில் உள்ள ஹைட்ரஜன் அணுவும் ஒன்றே. எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டியதில்லை. ஆங்ஸ்ட்ராம் பயன்படுத்திய வாயுக் குழாய் உடைந்து போனாலும் நட்டமில்லை. வேறொரு குழாயில் அதே கோடுகள் தோன்றும். எறும்பு அப்படியன்று. அது ஒரு நீண்ட கால்வழியின் நுனியில் நிற்பது. ஒவ்வொரு மாதிரிக்கும் இடம் உண்டு, காலம் உண்டு, உறவு உண்டு.

அந்தக் கால்வழி எவ்வளவு பழையது? எறும்புகள் குளவி இனத்திலிருந்து கிளைத்தவை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்த, சுமார் ஒன்பது கோடி ஆண்டுப் பழைமையுள்ள அம்பர் பிசினுக்குள் சிக்கியிருந்த ஓர் எறும்பை வில்சன், கார்ப்பென்டர், பிரவுன் என்னும் மூவர் 1967இல் விவரித்தனர். குளவியின் அடையாளமும் எறும்பின் அடையாளமும் அதில் கலந்திருந்தன. 2006இல் இரு குழுக்கள் இன்றைய எறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, அவற்றின் பொது முன்னோரின் காலத்தைக் கணக்கிட்டன. ஒரு குழு சுமார் 14 முதல் 17 கோடி ஆண்டு என்றது. இன்னொன்று சுமார் 11.5 முதல் 13.5 கோடி ஆண்டு என்றது. இத்தனை வேறுபாடா என்று ஏளனம் செய்ய வேண்டாம். புதைபடிவங்களைக் கொண்டுதான் அந்த மரபணுக் கடிகாரத்துக்கு நேரம் வைக்கிறார்கள். புதைபடிவம் கூடக் கூடப் பிழை குறையும்.

2025இல் பிரேசில் நாட்டிலிருந்து அப்படியொன்று வந்தது. 11.3 கோடி ஆண்டுப் பழைமையுள்ள பாறையில் பதிந்த எறும்பு. இதுவரை அறியப்பட்ட எறும்புகளில் இதுவே மூத்தது. அதை எங்கே கண்டார்கள் தெரியுமா? சாவ் பாவ்லோ நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்! யாரோ எடுத்து, சீட்டு எழுதி, பத்திரமாக வைத்திருந்ததால் இன்னொருவர் கண்ணில் அது பட்டது.

கரந்தமலை தந்த பாடம்

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 2022 ஆகஸ்டில், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைக் காட்டை ஒட்டிய சிற்றூர்களில் மஞ்சள் நிற எறும்புகள் படையெடுத்த செய்தி நாளேடுகளில் வந்தது. ஆடுமாடுகளை மொய்த்தன, கண்களைத் தாக்கின என்று மக்கள் கூறினர். இந்த எறும்புக்குக் கொடுக்கு இல்லை. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். வழி தப்பியதுபோல் தாறுமாறாக ஓடுவதால் ஆங்கிலத்தில் இதைப் பைத்தியக்கார எறும்பு என்பார்கள். அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பெஸ். 1857இல் பிரெடரிக் ஸ்மித் சூட்டியது.

அந்தச் செய்திகளைப் படித்த எவருக்கும் எங்கிருந்தோ திடீரென்று வந்து குதித்த பகைவன் என்றுதான் தோன்றும். அனோப்லோலெபிஸ் பேரினத்தின் மற்ற உறவுகள் ஆப்பிரிக்காவில் வாழ்வதால் இதுவும் அங்கிருந்து வந்ததே என்று முன்பு சிலர் கருதினர். ஆனால் ஜெர்டனின் பட்டியலைப் புரட்டுங்கள். ஃபார்மிக்கா லாஞ்சிப்பெஸ், அதாவது நீள்கால் எறும்பு என்ற பெயரில் அங்கே நிற்பது இதே எறும்புதான்! வேறோர் எறும்புக்கு அந்தப் பெயரை முன்பே ஒருவர் சூட்டிவிட்டதால் விதிப்படி ஜெர்டனின் பெயர் நீக்கப்பட்டு, ஸ்மித்தின் பெயர் நிலைத்தது. பெயர் போனாலும் சான்று போகவில்லை. 2022க்கு 171 ஆண்டுகளுக்கு முன்பே இந்த எறும்பு தென்னிந்தியாவில் இருந்தது.

இதனால் கேள்வியே மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘எப்படி வந்தது?’ என்பதன்று கேள்வி. ‘இத்தனை காலம் அடங்கி இருந்தது இப்போது ஏன் பெருகியது?’ என்பதே கேள்வி. இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. அங்கே ஆராய்ந்தவர்கள், மரச்சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைச் சுரக்கும் ஒரு செதில் பூச்சிதான் எறும்புக்குத் தீனி போடுகிறது என்று கண்டனர். அந்தப் பூச்சி இன்னது, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது என்று தெரிந்ததால், அதன் எதிரியை மலேசியாவில் தேட முடிந்தது. அப்படிக் கிடைத்த நுண்ணிய குளவியை 2016இல் தீவில் விட்டனர். எறும்பு, செதில் பூச்சி, குளவி என மூன்றுக்கும் சரியான பெயர் தெரியாமல் இந்த வேலையில் ஓர் அடிகூட வைத்திருக்க முடியாது.

குறைகளையும் சொல்வோம்

ஜெர்டனைப் புகழ்ந்து மட்டும் முடித்தால் அது மதிப்பீடாகாது. அவருடைய பெரிய குறை, தாம் கண்ட எறும்புகளைப் பின்வருவோர்க்கெனப் பாதுகாத்து வைக்காமல் போனது. ‘இதைத்தான் ஜெர்டன் சொன்னார்’ என்று எடுத்துக்காட்ட அவருடைய மாதிரிகள் பலவும் இன்று இல்லை. சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. நீள்கால் எறும்புக்கு ஏற்பட்ட பெயர்க் குழப்பம், ஐரோப்பிய நூலகங்களிலிருந்து வெகு தொலைவில் தனியாக வேலை செய்ததன் விளைவு எனலாம்.

அடுத்த தலைமுறையின் குறை வேறு வகை. மனநோய் மருத்துவராகவும் விளங்கிய ஸ்விட்சர்லாந்தின் ஃபோரெல், இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட எறும்புகளை ஆராய்ந்து 1892 முதல் பல ஆண்டுகள் எழுதினார். மாதிரிகள் பத்திரமாக உள்ளன, ஆனால் ஜெனீவாவில்! பிங்ஹாம் 1903இல் வெளியிட்ட தொகுதி இனங்காணும் திறவுகளோடு அமைந்த பெரும்பணி. எனினும் ஆங்கிலம் அறிந்த வல்லுநருக்கே அது பயன்படும்.

2016இல் பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தின் ஹிமேந்தர் பார்தியும் உடன் பணியாற்றியோரும் இந்திய எறும்புகளைப் புதிதாகத் தொகுத்தனர். 100 பேரினங்கள், 828 இனங்களும் உள்ளினங்களும். மாநிலவாரியாகப் பிரித்திருப்பது அதன் பெரும்பயன். ஆனால் ஒரு மாநிலத்தின் கணக்கில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அங்கே எறும்பு குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேடியவர்கள் குறைவு என்றும் இருக்கலாம். எந்த அளவீட்டிலும் கருவியின் குறையைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று நாம் ஆய்வுக்கூடத்தில் கற்பிப்பதுதானே!

நம்மால் முடிந்தது

திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் கூடம் இருக்கிறது. அங்கிருந்து அருட்தந்தை மத்தேயு, தமிழகத்தின் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்து 1980களில் பல தொகுதிகள் வெளியிட்டார். நம் வயல் வரப்பில் முளைக்கும் புல்லுக்கும் பெயரும் மாதிரியும் நம் ஊரிலேயே உண்டு. எறும்புக்கும் அப்படியொன்று வேண்டும்.

கட்டெறும்பு, சித்தெறும்பு, முசுறு, பிள்ளையார் எறும்பு என்று நமக்கும் பெயர்கள் உண்டு. ஆனால் கட்டெறும்பு என்ற ஒரு சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கிக் கிடக்கின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். நடுவுடலுக்கும் வயிற்றுக்கும் இடையே முடிச்சு ஒன்றா, இரண்டா என்று பாருங்கள். முசுறுக்கு ஒன்று, சித்தெறும்புக்கு இரண்டு. இனங்காணும் திறவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பிறகு ஒன்றிரண்டு எறும்புகளைச் சாராயச் சீசாவில் இட்டு, ஊர், இடம், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிச் சீசாவுக்குள்ளேயே போடுங்கள். மை கரைந்துவிடும், பென்சில் கரையாது.

எங்கள் மின்தடைப் பெட்டியில் இருந்தது டெஸ்ட்ரக்டர்தானா? இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். தட்டிவிட்ட எறும்புகளில் ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. ஜெர்டனிடம் நான் கண்ட குறையை, அவருக்கு 170 ஆண்டுகளுக்குப் பிறகு, எல்லா வசதியும் இருந்தும் நானே செய்திருக்கிறேன். அந்த மாணவியின் கேள்விக்கு இனி விடை சொல்ல முடியாது. அடுத்த முறை கேட்பவருக்காக, ஆய்வுக்கூட அலமாரியில் மின்தடைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நான்கு சிறு சீசாக்களும் ஒரு கைலென்ஸும் வைத்திருக்கிறேன்.