பூதவாதியும் சேர்வராயன் பாறையும்

"காணாத கடவுளை நம்பமாட்டேன் என்கிறாயே தம்பி, அணுவைக் கண்டாயா நீ?" – மேடைதோறும் நம்மீது வீசப்படும் வினா இது. நம்மவருள் சிலர் தரும் விடையோ வினாவைக் காட்டிலும் வலுவற்றது. "கண்டது மட்டுமே உண்மை, மற்றவை கற்பனை" என்று முழங்கிவிட்டு அமர்கின்றனர். முழக்கம் இனிக்கிறது! ஆனால் அந்த வெள்ளத்தில் கடவுளோடு அணுவும் அடித்துச் செல்லப்படுகிறதே, அதனை எண்ணினரா?

வழக்கு பழையது. மணிமேகலையில், வஞ்சி மாநகரில், சமயக்கணக்கர் தத்தம் திறம் கூறும் காதையில் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடக் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்களின் கூட்டத்தால் உணர்வு பிறக்கிறது என்கிறான். காட்சி ஒன்றே அளவை, அனுமானம் ஆகாது என்கிறான். முற்பிறப்பு அறிந்தேன் என்றவளிடம், அது மயக்கம் என்கிறான். படிக்கும்போது நம் நெஞ்சு துள்ளுகிறது. ஆனால் மணிமேகலை மடக்குகிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெதனால் அறிந்தாய்? பூதவாதிக்கு மறுமொழி இல்லை.

இராதுதான். கள்ளைக் காட்டி உணர்வுக்கு வழி சொன்னானே, அதுவே அனுமானமன்றோ? ஆயினும் சாத்தனாரின் கைத்திறனையும் கவனிக்க வேண்டும். அனுமானம் வேண்டும் என்பது நிலைநாட்டப்பட்டது; அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முற்பிறப்பும் உள்ளே நுழைந்துவிட்டது! தாய் யார் என்னும் அனுமானத்தைச் சோதிக்கலாம். இன்று ஒரு துளிக் குருதி போதும். முற்பிறப்பை எதில் இட்டுச் சோதிப்பது?

காணாதனவற்றுள்ளும் இரு வகை உண்டு என்பதை விளக்க, ஏட்டைவிடக் கல் நன்கு பயன்படும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைவோர், வழியெல்லாம் காணும் கருநீலச் சாயல் கொண்ட பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறை இவ்வினக் கல்லால் ஆனது. அதனால் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் இது. சேர்வராயன் மலைப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. 20 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்தது என்கின்றனர் அறிஞர். மனிதன் துளைத்த மிக ஆழமான துளையோ, ரஷ்யாவின் கோலாவில் 12 கிலோமீட்டரைச் சிறிதே தாண்டி நின்றுவிட்டது. 250 கோடி ஆண்டைக் கண்ட கண்ணும் இல்லை.

இங்கே இக்காலப் பூதவாதி ஒருவர் எழுகிறார். பாஸ் வான் பிராசன். 1980இல் 'அறிவியற் படிமம்' என்னும் பொருள்பட எழுதிய நூலில், கோட்பாடு காட்சிக்குப் பொருந்தினால் ஏற்றுக்கொள், ஆனால் அது பேசும் அணுவும் மின்னணுவும் மெய்யாகவே உள்ளன என்று நம்பவேண்டிய கட்டாயம் இல்லை என்றார். அடக்கமான பேச்சு, பழைய பூதவாதியைவிட நயமானதுங்கூட. எனினும் மனம் ஒப்பவில்லை.

காரணம் சிர்க்கான் என்னும் சிறுமணி. பாறைக்குள் இருக்கும் அதில் யுரேனியம் உண்டு. அது ஈயமாகிக்கொண்டே வருகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235க்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டு. வெவ்வேறு ஓட்டமுள்ள இரு கடிகாரங்கள்! இடையில் கேடுறாத மணியில் இரண்டும் ஒரே வயதைச் சொல்கின்றன. இடையே ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் முரண்பட்டுத் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன. அணு வெறும் கணக்கு வசதி என்றால் இந்த உடன்பாடு எங்கிருந்து வந்தது? ஹிலாரி பட்னம் 1975இல் எழுப்பிய கேள்வியின் சாரமும் இதுவே: அறிவியலின் வெற்றியை அற்புதம் என்று விட்டுவிடுவதா? அற்புதங்களை அனுமதிக்கும் பழக்கம் நமக்கில்லை.

லாரி லாடன் 1981இல் எழுப்பிய தடை இதனினும் கூரியது. வெப்பத்தை ஒரு பாய்மம் என்றனர், வெளியெங்கும் ஈதர் என்றனர்; வெற்றி கண்ட கொள்கைகளே வீழ்ந்தன; இன்றையவை மட்டும் நிலைக்குமா? நம் மலையும் அவர் பக்கம் சான்று சொல்லும். ஹாலந்து 1900இல் சார்னோக்கைட்டைப் பாறைக்குழம்பு உறைந்த கல் என்றார். பின்வந்தோரிற் பலர், ஆழத்து வெப்பத்தில் உருமாறிய கல் என்றனர். பிறப்புக்கதை மாறியது மெய்யே. ஆனால் அவர் கண்ட கனிமச் சேர்க்கை மாறவில்லை. கடும் வெப்பத்தில் பிறந்தது என்பதும் மாறவில்லை. ஆகவே லாடனுக்குப் பாதி வழக்கைத் தருவதில் எனக்குத் தடையில்லை: கொள்கை முழுவதையும் ஒரே பிடியாக நம்பலாகாது. எந்தப் பகுதி பல திசைச் சோதனைக்கும் ஈடுகொடுத்ததோ, அதனை நம்புவோம்.

சேர்வராயன் கோயிற் குகை காவிரி வரை நீள்கிறது என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அதுவும் காணாப் பொருளே. காணாததால் அதனைத் தள்ளவேண்டியதில்லை. பொய்யானால் எப்படித் தெரியவரும் என்று அந்தச் செய்தி சொல்லவில்லை, தயக்கம் அங்கேதான். அணுவைக் கண்டாயா என்று கேட்கும் பெரியவரிடமும் நாம் கேட்கவேண்டியது இதனையே. பூதவாதியும் மணிமேகலையிடம் கேட்டிருக்கலாம்: "அனுமானம் வேண்டும் என்பதை ஒப்பினேன் அம்மா, உன் முற்பிறப்புக்கு இரண்டாம் கடிகாரம் எது?" சாத்தனார் அவனை அதற்குமேல் பேசவிடவில்லை.