இசைமுரசும் பாட்டெழுதியோரும்

பாட்டு என்பது இருவர் கூடிச் செய்யும் பணி. ஒருவர் சொல்லைத் தருகிறார். மற்றவர் அச்சொல்லைச் செவிதோறும் கொண்டு சேர்க்கிறார். தாமே எழுதித் தாமே பாடுவோரும் உண்டு. ஆயினும் தமிழ் முஸ்லிம்களின் பாட்டுலகில் இவ்விரு பணிகளும் பெரும்பாலும் வெவ்வேறு கைகளிலேயே இருந்து வந்துள்ளன. அவ்வாறிருக்க, புகழ் மட்டும் ஒருவர் பக்கமே சாய்ந்துவிடுவது முறையாகுமா? இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் நெடிய இசை வாழ்வை எண்ணும்போது இவ்வினா எழாமற் போவதில்லை.

1925 டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட அவர், 2015 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் மறைந்தார். மீலாது மேடை, திருமண இல்லம், திராவிட இயக்க மாநாடு எனப் பல பத்தாண்டுகள் ஒலித்த குரல் அது. 1961இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ படத்திலும், 1992இல் ‘செம்பருத்தி’யிலும், 1997இல் ‘ராமன் அப்துல்லா’விலும் அக்குரலைக் கேட்டோம். எனினும் திரைப்படம் அவரை வளர்க்கவில்லை, மேடையே வளர்த்தது.

அவருடைய பாணியை மேடையே வகுத்தது எனலாம். திறந்த வெளியில், கடைசி வரிசையில் நிற்பவருக்கும் எழுத்தெழுத்தாக விளங்க வேண்டும் என்ற கவலையே அதன் அடிப்படை. உச்சத்தில் நின்றாலும் சொல் சிதைவதில்லை. வல்லின மெய்கள் அழுத்தம் பெறும். அடியின் இறுதியில் நெடில் நீண்டு நிற்கும். நுணுக்கமான சங்கதிகளுக்கு இடமிராது. சங்கீத வித்துவான்கள் இதனைக் குறையெனக் கருதலாம். பொருளைப் பாமரருக்குச் சேர்ப்பதே நோக்கமென்றால், இதுவே நிறை.

ஆனால் சேர்க்கப்பட்ட அப்பொருள் யாருடையது? ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடலையே எடுத்துக்கொள்வோம். இதனை எழுதியவர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம். நம்மில் எத்தனை பேர் இப்பெயரை அறிவோம்? முதலடியிலேயே அவர் செய்திருக்கும் தேர்வு கூர்ந்து நோக்கத்தக்கது. ‘இறைவன்’ என்ற பொதுச் சொல்லை அவர் ஆண்டார். எச்சமயத்தாரும் தம் சொல்லாகவே அதனை ஏற்கலாம். ‘கையேந்துங்கள்’ என்பதோ இன்னும் ஆழமானது. தமிழ் மரபில் கையேந்துதல் இழிவு. வள்ளுவர் இரவச்சம் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நம் மார்க்கத்திலோ துஆவுக்காக உயரும் கைகள் அடியானின் கண்ணியம். மனிதர்முன் நாணத்தக்க ஒரு செயலை, படைத்தவன்முன் பெருமையாக்கிக் காட்டியது அந்த ஒற்றைச் சொல். தமிழ் நெஞ்சமும் முஸ்லிம் வணக்கமும் அதில் ஒன்றாகின்றன.

இதன் விளைவைத் தாம்பரம் செல்லும் மின்சார இரயிலில் காணலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் என்று வண்டி நின்று செல்கையில், கண்பார்வையற்ற பாடகர் ஒருவர் பெட்டிக்குள் இப்பாடலைப் பாடிவருவதுண்டு. கேட்போரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஆனாலும் பாட்டை அறிவார்கள். இறைவனிடம் கையேந்தச் சொல்லிப் பாடும் அவர், அடுத்த கணம் நம்மிடம் கையேந்தி நிற்கிறார். இரவச்சத்தின் முழுப் பொருளும் அங்கே நம் முகத்தில் அறைகிறது. அவ்விடத்தில் ஹனீபா அவர்களின் குரல் இல்லை, வாத்தியங்களும் இல்லை. அப்போதும் பாட்டு நிற்கிறதென்றால், அதனைத் தாங்குவதில் சொல்லுக்கும் பெரும்பங்கு உண்டன்றோ?

குறைகளையும் கூறியாக வேண்டும். திரைப்பட மெட்டுகளைத் தழுவி அமைந்த பாடல்களும் அவர் பாடியவற்றுள் உள. அத்தகைய பாடலைக் கேட்கும்போது மனம் பழைய படக்காட்சிக்கு ஓடுகிறது, பக்தி பின்தங்குகிறது. மேலும், முழக்கத்துக்கு ஏற்ற அவர் குரல் மன்றாட்டின் மென்மைக்கு எப்போதும் இணங்கியதென்று கூற இயலாது. ஆனால் சொல் வலுவாக அமைந்த இடங்களில் இக்குறைகள் மறைந்துவிடுகின்றன. பாடகர் உயர்ந்து நிற்பதற்கும் புலவரே ஏணியாகிறார்.

நாகூர்ப் புலவர் ஆபிதீன் போன்றோர் அவருக்காகப் பாட்டெழுதினர். இன்று அவையனைத்தும் ‘ஹனீபா பாட்டு’ என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. இது அப்பாடகரின் பிழையன்று. கேட்டு மகிழ்ந்த நம்முடைய பராமுகம். இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் பழுதாகி, அவற்றின் உறைகளும் கிழிந்துவரும் இந்நாளில், அவற்றில் அச்சான பாடலாசிரியர் பெயர்களும் அழிந்து போகும். அவ்வுறைகள் எந்த வீட்டுப் பரணிலேனும் இருந்தால், பெயர்களைப் படியெடுத்து வையுங்கள். நிக்காஹ் வீட்டிலோ மீலாது மேடையிலோ ஒரு பாடலை அறிவிக்கும்போது, எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடியவருக்கு அதனால் புகழ் குறையாது. எழுதியவருக்கோ உரிமை கிட்டும்.