அனுதாபியின் கைத்துப்பாக்கி

‘அனுதாபி’ என்ற சொல்லுக்கு எங்கள் அரசியலில் ஒரு தனி வாழ்வு உண்டு. அவர் உறுப்பினரல்ல, போராளியுமல்ல. சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தவர், சைக்கிள் கொடுத்தவர், சொன்னதற்குத் தலையாட்டியவர். பொலிஸ் கோப்பிலும் அதே சொல். இயக்கங்களின் கோப்பிலும் அதே சொல். வியட் தான் நுயென் 2015இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி சிம்பதைசர்’ நாவலின் தலைப்பை இதைவிடப் பொருத்தமாகத் தமிழாக்க முடியாது. 2016இல் இந்நாவல் புலிட்சர் பரிசையும், மர்மக் கதைகளுக்கான எட்கார் விருதில் முதல் நாவலுக்குரியதையும் பெற்றது. இலக்கியவாதிகளும் திகில்கதை வாசகர்களும் ஒரே புத்தகத்துக்குக் கைதட்டுவது அபூர்வம். அந்தக் கைதட்டலில் எதைக் காணாமல் விட்டோம் என்பதே இக்குறிப்பின் அக்கறை.

கதைசொல்லிக்குப் பெயரில்லை. பிரெஞ்சுப் பாதிரி ஒருவருக்கும் வியட்நாமியச் சிறுமி ஒருத்திக்கும் பிறந்தவன். தென் வியட்நாமின் தேசியப் பொலிஸ் தலைவரான ஜெனரலுக்கு உதவி அதிகாரி. உண்மையில் கம்யூனிஸ்ட் உளவாளி. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்கிறபோது அவனுக்குக் கிடைக்கும் கட்டளை, ஜெனரலோடு அமெரிக்கா போய் அகதிகளுக்குள் அகதியாக இருந்து வேவு பார்ப்பது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஜெனரல் சாராயக்கடை வைக்கிறார். அவருடைய மனைவி சாப்பாட்டுக்கடை திறக்கிறார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்துகொண்டே தாயகத்தை மீட்கப் படை திரட்டுகிறார்கள்.

இந்தப் பக்கங்களைப் பாண் தொழிற்சாலையில், இரவு வேலையின் இடைவேளையில் வாசித்துவிட்டுத் தனியே சிரித்தேன். பக்கத்திலிருந்த எரித்திரிய நண்பர் என்ன விஷயம் என்று கேட்டார். “ஒரு ஜெனரல் சாராயம் விற்கிறார்” என்றேன். அவரும் சிரித்தார். அவர் ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர். நான் பதினொரு வருடம் பல்கலைக்கழகத்தில் விரிவுரை எடுத்தவன். மணியடித்ததும் இருவரும் எழுந்துபோய்த் தட்டுகளில் பாண் அடுக்கினோம். நுயெனின் எள்ளல் வெளியில் நின்று பார்ப்பவரின் எள்ளல் அல்ல. நான்கு வயதில் அகதியானவர். பெற்றோர் சான் ஹோசேயில் நடத்திய மளிகைக்கடையோடு வளர்ந்தவர். இறங்கிப்போன மனிதர்களின் வீறாப்பை அவர் கிட்ட இருந்து கண்டிருக்கிறார்.

ஆனால் இந்தச் சிரிப்பு ஒரு வேலை செய்கிறது. தன் வட்டத்துக்குள் ஒரு உளவாளி இருப்பதாக ஜெனரல் சந்தேகிக்கிறார். கதைசொல்லி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மேஜரைக் காட்டிக்கொடுக்கிறான். குடியும் தீனியுமாகப் பெருத்த ஒரு மனிதர், பெற்றோல் நிலையத்தில் வேலை, இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன். அமெரிக்கச் சுதந்திர தினக் கொண்டாட்டத்தின் வெடிச்சத்தத்துக்குள் அவர் கதை முடிகிறது. சுடுபவன் நண்பன் போன், திட்டம் கதைசொல்லியுடையது. இதையும் நாங்கள் பாதிச் சிரிப்போடுதான் வாசிக்கிறோம். கொல்லப்பட்டவர் கோமாளியாக வரையப்பட்டிருக்கிறார்; கொல்பவனோ புத்திசாலி, வசீகரமாகக் கதைப்பவன். நாங்கள் அவன் பக்கம் நிற்கிறோம். பிறகு மேஜரின் ஆவி வரத் தொடங்குகிறது.

பிலிப்பைன்ஸில் நடக்கும் ஹொலிவூட் படப்பிடிப்புப் பகுதியைத்தான் விமர்சகர்கள் அதிகம் மெச்சினார்கள். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தைப் பரிகசிக்கும் பகுதி அது. வியட்நாம் பற்றிய படத்தில் வியட்நாமியர் எவருக்கும் பேச ஒரு வரி இல்லை. நல்ல பகிடிதான். ஆனால் அமெரிக்காவைப் பார்த்துச் சிரிப்பது எங்களுக்குச் சுலபம். நாவலின் உண்மையான சோதனை இரண்டாவது கொலையில் இருக்கிறது.

சொனி ஒரு அகதிப் பத்திரிகையின் ஆசிரியர். போர் முடிந்துவிட்டது என்று எழுதுபவர். ஜெனரலின் படை திரட்டலைக் கேள்வி கேட்பவர். அவரைத் தீர்த்துக்கட்டும் பொறுப்பு இம்முறை கதைசொல்லியின் கையிலேயே வருகிறது. சொனி சொல்வது பிழையல்ல என்று அவனுக்குத் தெரியும். சொனியின் வீட்டுக்குப் போகிறான், உட்கார்ந்து கதைக்கிறான், பிறகு சுடுகிறான். ஒரு குண்டோடு முடியவில்லை. அந்த அறையில் பகிடி செத்துப்போகிறது.

இது கற்பனைக்காகச் சேர்த்த சம்பவமல்ல. 1981க்கும் 1990க்கும் இடையில் அமெரிக்காவில் ஐந்து வியட்நாமிய அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு கொலைக்கேனும் எவரும் தண்டிக்கப்படவில்லை. 1994 மே 1ஆம் திகதி பாரிஸில் சபாலிங்கம் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, சொனியின் வீட்டுக் கதவு தட்டப்படுகிற பக்கம் வெறும் திகில்கதைப் பக்கமாக இருக்க முடியாது.

எல்லாவற்றையும் இரு பக்கமிருந்தும் பார்க்கத் தெரிந்தவன் என்பதுதான் கதைசொல்லி தன்னைப் பற்றிச் சொல்லும் பெருமை. விமர்சகர்கள் பலர் இதை மனிதநேயம் என்றார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. இரு பக்கமும் பார்த்த அந்தக் கண், துப்பாக்கியின் விசையிலிருந்து ஒரு விரலைக்கூட எடுக்கவில்லை. மேஜரின் குழந்தைகளுக்காக இரங்குகிறான், மேஜர் சாகிறார். சொனியை மதிக்கிறான், சொனியும் சாகிறார். அனுதாபம் கொலையைத் தடுப்பதில்லை. கொலைக்குப் பிறகு நித்திரையைக் கெடுப்பது மட்டுமே அதனால் முடிந்தது.

நாவலின் கடைசிப் பகுதி புனர்வாழ்வு முகாம். இவ்வளவு நேரமும் நாங்கள் வாசித்தது அங்கே அவன் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். அதில் அவன் எழுதாமல் விட்ட ஒன்றைச் சித்திரவதை செய்து வெளியே எடுக்கிறார்கள்: பிடிபட்ட ஒரு பெண் தோழர் பாலியல் வதைக்கு உள்ளானபோது அவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். சுதந்திரத்துக்கு மேல் எதுவுமில்லை என்ற ஹோ சி மின்னின் முழக்கத்திலுள்ள ‘எதுவுமில்லை’யை வைத்து நுயென் இங்கே ஆங்கிலத்தில் விளையாடுகிறார். தமிழில் அந்த இடத்துக்கு ‘சும்மா’ என்ற சொல்தான் பொருந்தும். சும்மா இருத்தலை ஞானத்தின் உச்சமாக்கியவர்கள் நாங்கள்.

எங்கள் துறையில் ஒருநாள் ஒரு சக விரிவுரையாளரின் கதிரை வெறுமையானது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய பாடநேரங்களைப் பங்கிட்டோம். எனக்குப் புதன்கிழமை காலை வந்தது. “சேர், அவர் எங்கே?” என்று ஒரு மாணவி கேட்டாள். “குறிப்பெடுங்கோ” என்றேன்.

ஆகவே இந்நாவல் மீதான என் குற்றச்சாட்டை ஓரளவு வெட்கத்துடனேயே வைக்கிறேன். அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்கிறார்கள். அவள் நாட்டின் பெயரையே தன் பெயராகச் சொல்கிறாள். வீரமான பதில் என்று தோன்றும். ஆனால் நாவலாசிரியர் அவளுக்கு வேறு பெயர் தரவில்லை. பெண்ணின் உடல் தேசமாகிறது. அவளின் வதை, ஒரு ஆண் புத்திஜீவியின் விழிப்புக்குக் கருவியாகிறது. ஹொலிவூட்காரன் எங்களுக்குப் பேச வரி தரவில்லை என்று நூறு பக்கத்துக்கு முன் கோபப்பட்டவர், தான் படைத்த பெண்ணுக்கு எத்தனை வரி கொடுத்தார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்நாவலை வாசியுங்கள் என்றே சொல்வேன். மேஜரின் கொலையில் எந்த வரி வரைக்கும் சிரித்தீர்கள் என்பதை ஒரு பென்சிலால் அடையாளம் இடுங்கள். வேறு விதமாக வாசித்தவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும், விவாதிக்கலாம்.