சங்காவா, அரவிந்தவா: முடியாத ஒரு வாக்குவாதத்தின் கணக்கு

அட்டாளைச்சேனைப் பிரதான வீதியின் தேத்தண்ணிக் கடைகளில் இஷாவுக்குப் பிறகு சூடு பிடிக்கும் பேச்சுகளில் அரசியலுக்கு அடுத்த இடம் கிரிக்கெட்டுக்குத்தான். அதில் ஒன்று ஆண்டுக்கணக்கில் தீராமல் கிடக்கிறது. குமார் சங்கக்கார பெரிய ஆட்டக்காரரா, அரவிந்த டி சில்வாவா? "காக்கா, அம்பத்தேழு பெரிசா, நாப்பத்திமூணு பெரிசா?" என்று இளையவர் கைப்பேசியை நீட்டுவார். "தொண்ணூத்தாறு பைனலப் பாத்தவன்ட்ட நம்பரக் காட்டாத தம்பி" என்று மூத்தவர் பிளேன்டீயை உறிஞ்சுவார்.

இருவர் கையிலும் உண்மை இருக்கிறது. சங்கக்கார 134 டெஸ்ட்களில் 12,400 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 57.40. அரவிந்தவுக்கு 93 டெஸ்ட்களில் 6,361, சராசரி 42.97. ஆனால் 1996 மார்ச் 17 அன்று லாகூரில் 3 விக்கெட்களையும் வீழ்த்தி, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுத்து உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் அரவிந்த. ஒருவர் டெஸ்ட்டைப் பேசுகிறார், மற்றவர் ஒருநாள் போட்டியைப் பேசுகிறார். அதை இருவருமே கவனிப்பதில்லை.

இந்த ஒப்பீட்டுப் பழக்கத்தை வெட்டிப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2000க்குப் பிறகு பிறந்த ஒரு பையன் அரவிந்தவின் பெயரை இன்றும் அறிந்திருப்பதற்கு இந்த வாக்குவாதமே பெரிய காரணம். கொஞ்சம் தோண்டினால் நாட்டின் வரலாறும் கூடவே வெளியே வருகிறது. அரவிந்த தன் முதல் டெஸ்ட்டை 1984இல் லோர்ட்ஸில் ஆடியபோது இலங்கை டெஸ்ட் ஆடத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1987 ஏப்ரலில் கொழும்பில் குண்டு வெடித்ததும் நியூசிலாந்து அணி தொடரைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது. அதன்பின் 1992 ஆகஸ்ட் வரை இந்த மண்ணில் ஒரு டெஸ்ட்கூட நடக்கவில்லை. அரவிந்தவுக்கு அது 21 வயதிலிருந்து 26 வயது வரையான காலம். ஒரு துடுப்பாட்டக்காரரின் கண்ணும் காலும் துள்ளி நிற்கும் ஆண்டுகள். அந்த இடைவெளியில் பிரிஸ்பேனில் 167, வெலிங்டனில் 267 என்று அவர் அடித்த பெரிய சதங்கள் அந்நிய ஆடுகளங்களில் வந்தவை. 42.97 என்ற எண்ணில் இது எதுவும் தெரியாது.

இதே வாதத்தை மூத்தவர் இன்னும் இழுப்பார்: சங்கக்கார பலவீனமான அணிகளை அடித்தே எண்ணைப் பெருக்கினார், 2014இல் சிட்டகொங்கில் பங்களாதேஷுக்கு எதிராக ஒரே டெஸ்ட்டில் 319உம் 105உம் எடுக்கவில்லையா? எடுத்தார்தான். ஆனால் அரவிந்த 2002இல் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் எடுத்த 206உம் அதே பங்களாதேஷுக்கு எதிராகத்தான். 2007இல் ஹோபார்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 192 எடுத்த சங்கக்காரவை அந்தக் கணத்தில் மூத்தவருக்கு வசதியாக மறந்துவிடும்.

உண்மையான சிக்கல் சங்கக்காரவின் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அவர் விக்கெட் காப்பாளராகவும் ஆடிய 48 டெஸ்ட்களில் சராசரி 40.48. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் துடுப்பாட்டக்காரராக இறங்கிய 86 டெஸ்ட்களில் 66.78. ஒரே ஆள், ஒரே காலம், பெரும்பாலும் அதே எதிரணிகள். செய்த வேலை மாறியதும் சராசரியில் 26 ஓட்ட வித்தியாசம். ஓர் ஆளை அவரோடேயே ஒப்பிடுவது இவ்வளவு சிக்கல் என்றால், பதினாறு ஆண்டு இடைவெளியில் அறிமுகமான இருவரை ஒரு சராசரியை வைத்து வரிசைப்படுத்துவது எப்படிச் சரியாகும்?

அதற்காக எண்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டால் அவை பதில் சொல்லும். முரளிதரனின் 800 விக்கெட்களில் 176 பங்களாதேஷுக்கும் சிம்பாப்வேக்கும் எதிராக வந்தவை என்று ஷேன் வோர்னின் ரசிகர்கள் சொல்வது சரிதான். அவற்றைக் கழித்தே பார்க்கலாம். அப்போதும் முரளியின் சராசரி 25க்குக் கீழேதான் நிற்கிறது, வோர்னின் மொத்தச் சராசரியோ 25.41. எண்ணிக்கையைப் பற்றிய அந்தக் குற்றச்சாட்டு சராசரியைத் தொடவில்லை.

வேறு வேறு காலத்தவரை அளப்பதற்கு இருக்கும் வழிகளில் ஓரளவு நம்பத்தக்கது, அவரவர் காலத்து இரண்டாமவரிடமிருந்து எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்று பார்ப்பது. பிராட்மனின் 99.94 என்ற டெஸ்ட் சராசரிக்கு அடுத்து நிற்பவர்கள் 60ஐ ஒட்டியே நிற்கிறார்கள். ரொறன்ரோவில் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் வளரும் ஊரிலும் இதே சண்டை ஐஸ் ஹொக்கியில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் அலெக்ஸ் ஒவெச்கின், வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டினார். கிரெட்ஸ்கி ஒரே பருவத்தில் 92 கோல் போட்ட 1981–82இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 8 கோல்கள் விழுந்தன. ஒவெச்கின் காலத்தில் அது 6ஐச் சுற்றியே இருந்தது. ஆகவே பழைய கோல்களைக் குறைத்தும் புதியவற்றைக் கூட்டியும் 'சரிசெய்த' பட்டியல்கள் அங்கே உண்டு. அவை யாரும் போடாத கோல்களின் பட்டியல்கள். அதைவிடக் கிரெட்ஸ்கி கோலுக்கு வழியமைத்துக் கொடுத்த 1,963 தடவைகள் மட்டுமே, இரண்டாம் இடத்திலுள்ள யாகரின் மொத்தப் புள்ளிகளான (போட்ட கோல்களும் வழியமைத்தவையும் சேர்த்து) 1,921ஐ விட அதிகம் என்பது எந்தச் சரிசெய்தலும் இல்லாமலே பேசுகிறது.

இந்த வழியும் ஏமாற்றும். 1896இல் ஜோர்ஜ் லோமன் தென்னாபிரிக்காவில் 3 டெஸ்ட்களில் 35 விக்கெட்களை 5.80 சராசரியில் எடுத்தார். எதிரே நின்ற அணி அப்போதுதான் டெஸ்ட் பழகிக்கொண்டிருந்தது. லோமனின் மொத்தச் சராசரி 10.75. அதைக் கொண்டு அவரை எல்லாக் காலத்திலும் சிறந்த பந்துவீச்சாளர் என்று யாரும் துணிந்து சொல்வதில்லை. விலகி நிற்கும் தூரத்தோடு, எதிரே நின்றவர்களின் தரத்தையும் பார்த்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் விட மகாதேவா சதாசிவத்தின் முன்னால்தான் இந்தப் பழக்கம் கையைப் பிசைகிறது. 1915இல் பிறந்த அவர் இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என மூன்று அணிகளுக்குத் தலைவராக இருந்தவர். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். ஃபிராங்க் வொரெலும் கார்ஃபீல்ட் சோபர்ஸும் அவரைத் தாங்கள் பார்த்த மிகச் சிறந்தவர்களுள் வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் சாட்சி வாய்வழியாகவே வந்து சேர்கிறது. எண்ணோ 11 முதல்தரப் போட்டிகள் மட்டும். 1948இல் பிராட்மனின் அணி கொழும்பு ஓவலில் இறங்கிய ஒருநாள் ஆட்டத்தில் இலங்கைக்கு அவரே தலைவர். அன்றைய ஆடுகளத்தை அளந்து பார்த்தபோது 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்ததாம். 1982இல் இலங்கையின் முதல் டெஸ்ட் நடந்தது சதாசிவத்தின் தமிழ் யூனியன் கழகத்துக்குரிய அதே மைதானத்தில். அவர் இறந்து நாலரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அவருடைய டெஸ்ட் சராசரி என்று ஒன்று இல்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் பெயரில்லை. பட்டியல் போடுபவர்கள் இதை அவருடைய குறையாக நடத்துகிறார்கள். குறை பட்டியலுடையது.

அம்பாறைக் கரையோரத்தில் இது தூரத்துச் சங்கதி அல்ல. பாலமுனையிலிருந்து நிந்தவூர் வரை ஆட்டம் பெரும்பாலும் மென்பந்துதான். ஆறு ஓவர், எட்டு ஓவர் சுற்றுப்போட்டிகளில் பேர் எடுத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் ஓட்டங்களை எழுதிய கொப்பிகள் பல போட்டி முடிந்த கையோடு தொலைந்துபோயின. இப்போது சில சுற்றுப்போட்டிகளின் ஓட்டங்கள் பந்துக்குப் பந்து கைப்பேசிச் செயலியில் ஏறுகின்றன. நாளை அதே தேத்தண்ணிக் கடையில் ஒரு வாப்பாவையும் மகனையும் ஒப்பிட நேர்ந்தால் மகனுக்குச் சராசரி இருக்கும், வாப்பாவுக்கு நாலைந்து பேரின் ஞாபகம் இருக்கும். கழகச் செயலாளர்களின் அலுமாரிகளில் மிஞ்சியிருக்கும் கொப்பிகளை இப்போதே படம் பிடித்து வைத்தால், அந்த வாக்குவாதமாவது ஓரளவு நியாயமாக நடக்கும்.