நர்ஸ் என்று கூப்பிடுவார்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள மின்கம்பங்களில் இரண்டு வகை நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும். ஒன்று கம்பெனிக்கு ஆள் கேட்கும். இன்னொன்று நர்சிங் படிக்கக் கூப்பிடும்: பத்தாம் வகுப்பு போதும், ஆறு மாதமோ ஒரு வருடமோ, வேலை நிச்சயம். கூடவே வெள்ளைச் சீருடையில் சிரிக்கிற ஒரு பெண்ணின் படம். கவிதையையும் நாவலையும் வரிவரியாகப் பிரித்து விமர்சிக்கிறோம். இங்குள்ள பெண்களின் வாழ்க்கையைத் திருப்பிவிடும் இந்தத் தாளை யாரும் விமர்சித்து நான் பார்த்ததில்லை.

தாளின் உயிர் 'நர்சிங்' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு இந்த நாட்டில் ஒரு வரையறை உண்டு. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. இவற்றில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்து, மாநில செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் செவிலியர். நர்சிங் அசிஸ்டென்ட் படிப்பு இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலேயே கிடையாது. நோட்டீஸ் பொய் சொல்வதில்லை; 'நர்சிங்' என்பதைப் பெரிதாகவும் 'அசிஸ்டென்ட்' என்பதைப் பொடியாகவும் அச்சடிக்கிறது, அவ்வளவுதான்.

என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்து ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தாள். அவளோடு அப்படியொரு சென்டருக்குப் போனேன். மொபைல் கடைக்கு மேல் மாடி, இரண்டு அறை, ஒரு கட்டில், அதில் ஒரு பொம்மை. எந்த கவுன்சிலில் பதிவு, எந்த மருத்துவமனையில் பயிற்சி, ஒரிஜினல் சர்டிபிகேட்டை எதற்கு வாங்கி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் கவர்ன்மென்ட் அப்ரூவ்டு மேடம்" என்ற ஒரே பதில்தான் மூன்றுக்கும். 38,000 ரூபாய், மூன்று தவணை. கீழே இறங்கியதும் அவள் கேட்டாள்: "சித்தி, இப்ப நான் படிக்கணுமா, வேணாமா? லைன்ல நின்னுக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. காசில்லாமலும் படிக்க வழி இருக்கிறது. 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் கட்டணம் கிடையாது. ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வழியாக நடக்கிறது. வயது வரம்பு 35, பெண்களுக்கு 45. கல்யாணம், பிள்ளை என்று பத்து வருடம் போனவளுக்கு அந்தப் பத்து வருடத்தைத் திருப்பித் தருகிற விதி என்பதால் இதை மெச்சுகிறேன். ஆனால் திட்டம் கிராமத்தாருக்கு, கும்மிடிப்பூண்டியோ பேரூராட்சி. விசாரிக்க மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்குப் போகவேண்டும். அது அரக்கோணம் ரயில் பாதையில், நாம் கூடூர் பாதையில். ரயிலில் என்றால் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும். இல்லையென்றால் பஸ் மாறி மாறி. ஒரு நாள் கூலி போய்விடும். பயிற்சி மாதங்களில் வராத சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் இலவசம் என்பது அவ்வளவு இலவசமில்லை.

அரசுப் பயிற்சியில் இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்', அதாவது பொதுப்பணி உதவியாளர். பாடத்தில் இருப்பதோ குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மலஜலம் எடுப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, தொற்று பரவாமல் காப்பது. இதில் எது 'பொது'? ஒரு உடம்பை இன்னொரு உடம்பு தொட்டுத் தூக்கிச் சுத்தம் செய்கிற இந்த வேலைக்கு நம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: ஆயா. அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியையும் ஏவலையும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாடி சென்டர் 38,000 ரூபாய்க்கு விற்பது அந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கும் ஆசையை. வார்டில் நோயாளியின் வீட்டார் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். சம்பளப் பதிவேட்டில் அந்தச் சொல் இருக்காது.

லாபம் யாருக்கு? உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டதையடுத்து மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பேச்சு செவிலியருக்கு. பதிவில்லாத உதவியாளரை வைத்து ஊசியும் போடச் சொல்லிவிட்டால் மருத்துவமனைக்கு அந்தக் கவலையில்லை. ஏதாவது தவறினால் மாட்டிக்கொள்பவள் ஊசி போட்டவள். இரண்டு பெண்களை, பதிவு பெற்றவளையும் பெறாதவளையும், ஒருவர் கூலியை ஒருவர் குறைக்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கோபம் கட்டணத்தின் மேலல்ல, ஏணியின் மேல். ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவள் ஜி.என்.எம். சேரலாம், ஜி.என்.எம். முடித்தவள் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். மேலே ஏணி இருக்கிறது. அதன் கீழே உதவியாளராக எத்தனை வருடம் நோயாளிகளைப் புரட்டிப் போட்டிருந்தாலும், ஏ.என்.எம். வகுப்பில் நேற்றுப் பள்ளி முடித்தவளோடு முதல் நாளிலிருந்து உட்கார வேண்டும். ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் வராது.

அக்கா மகளிடம் பிளஸ் டூ இருப்பதால், அரசுப் பள்ளிகளில் ஜி.என்.எம்.முக்கும், அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் டயாலிசிஸ், அறுவை அரங்கு டெக்னீஷியன் மாதிரியான ஓராண்டுச் சான்றிதழ் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். பத்தாவதோடு நின்ற அவள் தோழிக்குச் சொல்ல என்னிடம் இலவசப் பயிற்சி மட்டுமே இருந்தது. 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. உதவியாளர் வார்டில் நின்ற மணிநேரங்களை ஏ.என்.எம். பயிற்சியில் கழித்துக்கொள்ளலாம் என்று அதன் விதிகளில் ஒரு வரி சேர்க்க அதிகச் செலவாகாது. அந்த வரியைக் கேட்டு மகளிர் குழுக்களும் செவிலியர் சங்கங்களும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம்.