நல்கை விண்ணப்பமும் சாமவையின் சாசனமும்

ஆய்வு நல்கை கேட்டு எழுதும் விண்ணப்பங்களை நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் காட்டுவதுண்டு. முதல் மூன்று பக்கமும் தமிழின் பெருமை. என்ன கேள்வி, எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் கடைசியில் ஒரு வரி. வியாபாரியான எனக்கு இது தொகை எழுதாத பேரேடு மாதிரி படுகிறது.

திருமலைக் கோயிலிலுள்ள பல்லவ குலத்துச் சாமவையின் தமிழ்ச் சாசனத்தைப் பாருங்கள். வெள்ளித் திருமேனி எழுந்தருளுவித்த அந்த அம்மையார், நாள்தோறும் நான்கு நாழி அமுது, ஒரு நந்தாவிளக்கு, புரட்டாசி, மார்கழித் திருவிழா என்று வகைப்படுத்தி, அவற்றுக்கு நிலமும் விட்டார். நோக்கம், அளவு, காலம், வருவாய் நான்கும் அதில் உண்டு.

கொடுப்பவரே இவ்வளவு எழுதினால், கேட்பவர் இன்னும் ஒன்று கூட்டியே எழுதவேண்டும்: முன்னோர் செய்த வேலை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி பதிப்பித்த தேவஸ்தானக் கல்வெட்டு முதல் தொகுதி 1931இலேயே வெளிவந்தது. அதைச் சொல்லாமல் 'முதன்முறையாக' என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும்.

நம் திருச்சானூர் அன்று திருச்சுகனூர். அவ்வூர்ச் சபையார் என்னென்ன பொறுப்பு ஏற்றார்கள் என்ற ஒரு கேள்வியே போதும். ஆனால் அக்கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. இங்கே தெலுங்கில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழெழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். நல்கை பிறகு கேட்கலாம்.